கல்லு மாதிரி காத்து

லைன்காரி விழுந்தது ஒரே ஒரு தடவைதான். ஆனால் அந்த ஒரு தடவையை ஆபீஸில் ஆளாளுக்கு ஒரு மாதிரி சொல்லிச் சொல்லி, மூன்று மாதத்தில் அவள் ஏழெட்டுத் தடவை விழுந்துவிட்டாள். ஒருத்தர் கதையில் பள்ளத்தில் விழுந்தாள். இன்னொருத்தர் கதையில் குழாய்க்கு அடியில் கிடந்தாள். சம்பவ இடத்துப் பக்கமே போகாத ஸ்டோர் கீப்பர், தானே தூக்கி விட்டதாகவும் சொல்லிக்கொண்டிருந்தார்.

நடந்தது இவ்வளவுதான். குடிநீர் ஆபீஸில் மலை லைன் அவள் பொறுப்பு. அதனால்தான் லைன்காரி என்று பேர். மலை மேல் இருக்கும் தொட்டியிலிருந்து கீழே ஊர்த் தொட்டி வரைக்கும் ஒன்பது கிலோமீட்டருக்குக் குழாய் ஓடுகிறது. நடுவில் ஏழு இடத்தில் அழுத்த மீட்டர். குழாயை ஒட்டி ஒரு ஒற்றையடிப் பாதை. ஜீப் போகாது, நடந்தால் பாதி நாள் போய்விடும். அதனால் காலை எட்டு மணிக்கு ஜீப் அவளையும் சைக்கிளையும் மேல்தொட்டியில் இறக்கிவிடும். அவள் மலைச் சைக்கிளில் இறங்கி வருவாள். ஏழு மீட்டரும் பார்த்து, கசிவு இருக்கிறதா என்று பார்த்து, பத்து மணிக்குள் கீழே வந்து ரீடிங் கொடுக்க வேண்டும். அதை வைத்துத்தான் ஊருக்கு எவ்வளவு தண்ணீர் திறப்பது என்று முடிவு செய்வார்கள். பன்னிரண்டு வருஷமாக ஒன்றரை மணி நேரத்தில் வந்துகொண்டிருந்தவள், மூன்று மாதத்துக்கு முன்னால் ஒரு ஈரக் காலையில் நாலாம் மீட்டர் சரிவில் சறுக்கி, தோள்பட்டை தரையில் மோத விழுந்து, காறை எலும்பை உடைத்துக்கொண்டாள்.

விபத்து ரிப்போர்ட்டில் காரணம் என்று ஒரு கட்டம் இருந்தது. இடது கையால், கோணல் எழுத்தில், "ஓட்டியவரின் கவனக்குறைவு" என்று அவளே எழுதிக் கொடுத்தாள். வேறு என்ன எழுதுவது? சைக்கிளில் ஒரு குறையும் இல்லை. அதைப் பார்த்துக்கொள்வது அவளுடைய நாத்தனார் ஆயிற்றே.

எலும்பு கூடும்வரை இரண்டு மாதம் வீட்டில். அடுத்த மாதம் லேசான வேலை என்று புகார் அறையில் உட்கார வைத்தார்கள். ஜன்னல் இல்லாத அறை, மூன்று போன். தண்ணீர் வரவில்லை என்று திட்டுகிறவர்கள், வந்தால் கலங்கலாக வருகிறது என்று திட்டுகிறவர்கள், நன்றாக வந்தால் ஏன் இவ்வளவு சீக்கிரம் நின்றது என்று திட்டுகிறவர்கள். ஒரே மாதத்தில் அவளுக்கு மனிதர்கள் மேலேயே வெறுப்பு வந்துவிட்டது. மலையில் அவளைத் திட்ட யாருமில்லை. காலை வெயில் மரத்துக்கு இடையில் இறங்குவதைப் பார்த்துக்கொண்டு, மீட்டர் முள் சரியான இடத்தில் நிற்பதைப் பார்த்துக்கொண்டு வேலை செய்தவளுக்கு அந்த அறை ஜெயில்தான்.

புது இன்ஜினியர் கெட்டவர் இல்லை. ஆனால் காகிதத்தை நம்புகிறவர்.

"மேடம், பத்து நாள் டிரையல் குடுக்கறேன். தினமும் பத்து மணிக்குள்ள ரீடிங் வரணும். பத்தாவது நாள் நானும் கூட வர்றேன். சரியா இருந்தா லைன் உங்களுக்கே. இல்லன்னா புகார் அறையிலயே இருங்க. உங்க பாதுகாப்புக்குத்தான் சொல்றேன்."

பாதுகாப்பு என்ற சொல்லைச் சொல்லிவிட்டால் பதில் பேச வழி ஏது? அவள் தலையாட்டிவிட்டு வந்தாள்.

நாத்தனாரைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. லைன்காரியின் கணவருக்கு ஒரே தங்கை. இவர்கள் வீட்டு முன் அறையையே சைக்கிள் கடையாக்கி வைத்திருப்பவள். அந்த வட்டாரத்தில் மலைச் சைக்கிளுக்கு பட்டன் டயர் மாட்டத் தெரிந்த ஒரே கை அவளுடையது. டயர் முழுக்கக் கட்டை கட்டையாக ரப்பர் குமிழ்கள் துருத்திக்கொண்டிருக்குமே, அதுதான் பட்டன் டயர். குடிநீர் ஆபீஸ் சைக்கிள் ஏழுக்கும் அவள்தான் பொறுப்பு. வேலை சுத்தம், பேச்சு அதைவிடச் சுத்தம்; யாராயிருந்தாலும் மூஞ்சிக்கு நேராகச் சொல்லிவிடுவாள். காற்று அடித்ததும் கட்டைவிரலால் டயரை ஒரு அழுத்து அழுத்துவாள். விரல் உள்ளே போகக் கூடாது. போனால் இன்னும் நாலு அடி. "கல்லு மாதிரி இருக்கணும் அண்ணி. காத்து கம்மியா டயர் வெளிய போச்சுன்னா கடைக்குத்தான் அசிங்கம்." காற்று அளக்கும் மீட்டர் ஒன்று வாங்கேன் என்று அண்ணன் ஒருமுறை சொல்லிப் பார்த்தார். "எதுக்கு? விரல் இல்லாதவங்க வாங்கட்டும்" என்று பதில் வந்தது. அதற்குப் பிறகு அவர் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. அவர் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். காலையில் முப்பது பிள்ளைகளின் கூச்சலுக்கு அப்புறம் வீட்டில் யாரோடும் வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்ள அவருக்குத் தெம்பு கிடையாது.

டிரையலின் முதல் நாள் இரண்டு மணி நேரத்துக்கு மூன்று நிமிஷம் குறைவு. இரண்டாம் நாள் ஒரு நிமிஷம். மூன்றாம் நாள் மணி பத்து அடிக்கும்போது ஊர்த் தொட்டி கேட்டுக்குள் நுழைந்தாள். மின்னல் வேகத்தில் வந்து பத்தைத் தொட்டதாக யாரும் நினைக்க வேண்டாம். நாலாம் மீட்டர் சரிவில் இறங்கித் தள்ளிக்கொண்டு வந்தாள். அதற்கு முன்னும் பின்னும் பிரேக்கை விடாமல் பிடித்துக்கொண்டு வந்தாள். கல்லில் ஏறினால் சைக்கிள் துள்ளியது. வேரில் ஏறினால் பின்சக்கரம் பக்கவாட்டில் நழுவியது. ஒவ்வொரு நழுவலுக்கும் உயிர் போய் உயிர் வந்தது. கீழே வந்து கையை விரித்தால் விரல்கள் மடங்கியபடியே நின்றன.

எனக்குப் பயம் வந்துவிட்டது என்று அவள் முடிவு கட்டிவிட்டாள். பன்னிரண்டு வருஷம் இல்லாத பயம், ஒரு விழுகையில் வந்து குடியேறிவிட்டது. விழுவதற்கு முன்னாலும் சைக்கிள் இதே மாதிரிதான் துள்ளியது, அப்போது தைரியம் இருந்தது, இப்போது இல்லை. விஷயம் அவ்வளவுதான் என்று நினைத்தாள். இதை யாரிடம் சொல்ல? கணவரிடம் சொன்னால், விட்டுடு, ஆபீஸ்லயே இரு என்பார். நாத்தனாரிடம் சொன்னால் தெருவுக்கே கேட்கும்.

நாலாம் நாள் சாயங்காலம், கடையில் நாத்தனார் பிரேக் கட்டை மாற்றிக்கொண்டிருந்தாள். லைன்காரி ஸ்டூலில் உட்கார்ந்து, பொழுது போகாமல் அனுபவ நோட்டைப் புரட்டினாள்.

அது அந்தக் கடையின் தனி வழக்கம். யார் பட்டன் டயர் வாங்கினாலும், ஒரு மாதம் கழித்து வந்து தன் அனுபவத்தை நாலு வரி எழுதிவைக்க வேண்டும். எழுதினால்தான் சக்கரக் கோட்டம் எடுத்துத் தருவாள். எழுதாதவர்கள் கோணல் சக்கரத்தோடு போக வேண்டியதுதான். ஒவ்வொரு அனுபவத்துக்கும் கீழே நாத்தனார் சிவப்பு மையில் தன் தீர்ப்பையும் எழுதிவைப்பாள்.

தபால்காரர் எழுதியிருந்தார்: "தார் ரோட்டில் தேனீக் கூட்டம் துரத்துவது போல் சத்தம். நான் வருவது நாய்களுக்கு முன்கூட்டியே தெரிந்துவிடுகிறது." கீழே சிவப்பில்: "தார் ரோட்டுக்கு இந்த டயர் வேண்டாம்னு அன்னைக்கே சொன்னேன்."

பல் டாக்டர்: "மண் பாதையில் என் பற்களே ஆடுகின்றன. தொழில் முறையில் சொல்கிறேன்." சிவப்பு: "வாயை மூடிக்கொண்டு ஓட்டவும்."

லைன்காரிக்குச் சிரிப்பு வந்தது. அடுத்தது கணக்கு டீச்சர். முத்து முத்தான கையெழுத்து. "பின்டயரில் மெல்லக் காற்று இறங்குகிறது. செவ்வாய் முழுவதும் நான் கவனிக்கவில்லை. அன்று ஆற்றங்கரை மேட்டில், முதல் முறையாக, இறங்காமலே ஏறினேன். புதன் காலை காற்று அடித்தேன். வழக்கம் போல் தள்ளிக்கொண்டு ஏறினேன். டியூபைச் சரிபார்க்கவும்." சிவப்பு: "ஒட்டு போட்டாச்சு. கல்லு மாதிரி அடிச்சாச்சு."

அவள் சிரிப்பு நின்றது. இன்னொரு முறை படித்தாள். பக்கங்களைப் பின்னோக்கித் தள்ளினாள். ஒரு காட்டிலாகா காவலர்: "முன்சக்கர வால்வு சரியில்லை, காற்று நிற்கவில்லை. ஆனாலும் அன்று மழையில் சறுக்கவில்லை, ஆச்சரியம். வால்வை மாற்றித் தரவும்." சிவப்பு: "மாத்தியாச்சு. கல்லு." அதற்கும் முன்னால் ஒரு போட்டோகிராபர்: "பஞ்சர் என்று தெரியாமலே மலை இறங்கினேன். பஞ்சு மேல் போவது போல் இருந்தது. பிறகுதான் பஞ்சர் என்று தெரிந்து வருந்தினேன்." சிவப்பில் ஒட்டு, கல்லு.

மூன்று பேர். மூன்று பேரும் புகார் எழுத வந்தவர்கள். மூன்று பேரும் தங்கள் அருமையான நாளைக் குறையாக எழுதிவிட்டுப் போயிருக்கிறார்கள். அதைக் குறையாகவே படித்து, ஒட்டுப் போட்டுச் சரிசெய்து அனுப்பியிருக்கிறாள் நாத்தனார். பட்டன் டயருக்குக் காற்று குறைவாகத்தான் இருக்க வேண்டும் போலிருக்கிறது. அப்போதுதான் ரப்பர் படிந்து, பட்டன் தரையைப் பிடிக்கும். கல்லாக இருந்தால் நடுவில் இருக்கும் இரண்டு வரிசைப் பட்டன் மட்டும் தரையில் பட்டு, சைக்கிள் துள்ளும், நழுவும். தினமும் ஏழு மீட்டர் பார்க்கிறவள், அழுத்தம் கூடினால் குழாய் இணைப்பு என்ன பாடுபடும் என்று மற்றவர்களுக்குப் பாடம் எடுக்கிறவள், பன்னிரண்டு வருஷமாகத் தன் காலடியில் இருக்கும் டயரில் எவ்வளவு அழுத்தம் என்று ஒரு நாளும் கேட்டதில்லை.

"என்ன அண்ணி, நோட்டப் பாத்து இப்படி முழிக்கறீங்க?"

"ஒண்ணுமில்ல. பல் டாக்டருக்கு எழுதுனது நல்லா இருந்துச்சு."

சொல்லியிருக்கலாம். சொல்ல வாய் வரவில்லை. காற்று அதிகம் என்று சொன்னால், அடுத்த வாக்கியம் என்ன? என் எலும்பு உடைந்தது உன் விரலால் என்பதுதான். அந்த இரண்டு மாதமும் அவளுக்குத் தலை வாரிவிட்டவள் இந்த நாத்தனார். கை தூக்க முடியாதவளுக்கு ரவிக்கை மாட்டிவிட்டு, சோறு பிசைந்து கொடுத்து, இதெல்லாம் செய்கிறேன் என்று ஒரு நாளும் சொல்லிக்காட்டாதவள். சொல்லிக்காட்டுவதே குணமாக உள்ள ஒருத்தி சொல்லிக்காட்டவில்லை என்றால் அது சின்ன விஷயமா?

ஐந்தாம் நாள் மேல்தொட்டியில் ஜீப் திரும்பியதும், பம்ப் அறைக்குப் பின்னால் சைக்கிளைக் கொண்டுபோய், திருடி மாதிரி சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, வால்வு ஊசியை நகத்தால் அழுத்தினாள். புஸ் என்று போனது. எவ்வளவு விடுவது? தெரியாது. தலையணை மாதிரி ஆகும்வரை விட்டாள். முதல் இரண்டு கிலோமீட்டர் அவளுக்கு வாழ்க்கையே மாறிவிட்டது. சைக்கிள் வேரை ஏறித் தாண்டியது, துள்ளவில்லை. வாய்விட்டுச் சிரித்தாள். மூன்றாம் மீட்டருக்கு முன்னால் ஒரு கூர்க்கல்லில் ரிம்மே போய் இடித்தது. டங் என்று ஒரு சத்தம், அப்புறம் புஸ். மிச்சம் ஆறு கிலோமீட்டரும் தள்ளிக்கொண்டு வந்தாள். ரீடிங் போய்ச் சேரும்போது மணி பன்னிரண்டு.

இன்ஜினியர் கடிகாரத்தைப் பார்த்தார், பிறகு அவளைப் பார்த்தார். "இன்னும் ஒரு நாள் லேட்டானா பத்தாவது நாள் வரைக்கும் போக வேண்டாம் மேடம்."

கடையில் நாத்தனார் டியூபைத் தண்ணீரில் முக்கினாள். பக்கத்தில் பக்கத்தில் இரண்டு ஓட்டை. அவள் முகம் மாறியது.

"இது முள்ளு குத்துனது இல்ல. கல்லுக்கும் ரிம்முக்கும் நடுவுல டியூப் நசுங்கியிருக்கு. காத்து கம்மியா இருந்தாதான் இப்படி ஆகும். யாரு அண்ணி காத்த எறக்குனது?"

"நான்தான்."

"நீங்களா?"

"கொஞ்சம் எறக்கிப் பாக்கலாமேன்னு..."

"பன்னெண்டு வருஷமா நான் அடிச்ச காத்துல ஒரு பஞ்சர் ஆயிருக்கா? ஒரு நாள் எறக்குனீங்க, ஒரு நாள்ல பஞ்சர். பயம் மனசுல இருக்கு, டயர எதுக்கு நோண்டறீங்க?"

பயம் என்ற சொல் சுருக்கென்று குத்தியது. லைன்காரி எழுந்து உள்ளே போய்விட்டாள். அன்றைக்கு வீட்டில் தட்டுகள்தான் பேசின. நடுவில் மாட்டிக்கொண்ட கணவர், இரண்டு பேருக்கும் பொதுவாக, "சாம்பார்ல உப்பு சரியா இருக்கு" என்று ஒரு சமாதான முயற்சி செய்தார். எடுபடவில்லை.

ஆனால் காலையில் ஜீப்புக்குக் கிளம்பும்போது அவர் அவள் கையில் ஒரு சின்ன சாமானை வைத்தார். வேன் டூல் பெட்டியிலிருந்த காற்று மீட்டர்.

"உனக்கு வேணும்னு தோணுச்சு. என் பேரு மட்டும் வெளிய வரக்கூடாது."

"நீங்களும் அந்த நோட்டப் படிச்சீங்களா?"

"நான் ஒண்ணும் படிக்கல. வேன் டயருக்கே நான் விரலால பாக்க மாட்டேன், அவ்வளவுதான்."

ஆறாம் நாள் பம்ப் அறைக்குப் பின்னால் மீட்டரை வைத்தாள். முள் ஐம்பத்தைந்தில் போய் நின்றது. டயரின் பக்கவாட்டில் பொடி எழுத்தில் அச்சடித்திருந்த உச்ச அளவையே தாண்டியிருந்தது. இந்த முறை அவசரப்படவில்லை. தன் தொழில் எப்படியோ அப்படியே செய்தாள். முப்பதில் நிறுத்தி ஒன்றாம் மீட்டர் வரை ஓட்டினாள், இன்னும் துள்ளியது. இருபத்தெட்டு, பரவாயில்லை. இருபத்தாறு. இருபத்தாறில் சைக்கிள் பாதையோடு பேச ஆரம்பித்தது. கல் மேல் ஏறியும் ரிம் இடிக்கவில்லை. நாலாம் மீட்டர் சரிவின் தலையில் நின்றாள்.  பிரேக்கைப் பாதி விட்டாள். டயர் களிமண்ணைக் கவ்விக்கொண்டு இறங்கியது. அடிவாரத்தில் கால் ஊன்றித் திரும்பிப் பார்த்தபோது, தான் எப்போது இறங்கினோம் என்றே அவளுக்குத் தெரியவில்லை. அன்றைக்கு ஒரு மணி நாற்பது நிமிஷத்தில் கீழே வந்தாள்.

ஏழு, எட்டு, ஒன்பது. மூன்று நாளும் ஒன்றரை மணி நேரம். ஆனால் வீட்டுக்குப் போவதற்கு முன்னால் ஊர்த் தொட்டி வாட்ச்மேனிடம் கைப்பம்ப் வாங்கி, மூச்சு முட்ட அடித்து, இரண்டு டயரையும் மறுபடி கல்லாக்கிக்கொண்டுதான் போனாள். நாத்தனார் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்து முகம் மலர்ந்தாள்.

"பாத்தீங்களா? காத்த நோண்டாம விட்டீங்க, நேரத்துக்கு வர்றீங்க. இதத்தானே நான் அன்னைக்கே சொன்னேன்!"

லைன்காரி விழுங்கிக்கொண்டாள். தோளைவிட இது அதிகமாக வலித்தது. ஆனால் வேலை கைக்கு வந்துவிட்டால் போதும் என்று இருந்தாள்.

பத்தாம் நாள் ஜீப்பில் மூன்று சைக்கிள் ஏறியது. இன்ஜினியருக்கு ஆபீஸ் சைக்கிள் ஒன்று. வழியில் ஏதாவது ஆனால் பார்த்துக்கொள்ள மெக்கானிக்கும் வரட்டும் என்று அவர் சொல்லிவிட்டதால், நாத்தனாரும் தன் சைக்கிளோடு வந்தாள். முந்தின நாள் முழுக்க மழை. ஜீப் கண்ணாடி வழியாகப் பார்த்தாலே பாதை பளபளத்தது.

மேல்தொட்டியில் இறங்கினார்கள். பம்ப் அறைக்குப் பின்னால் போக வழியில்லை. நாத்தனார் அண்ணியின் சைக்கிளை விட்டு அசையவில்லை. துணியால் துடைத்துக்கொண்டே இருந்தாள். பாசம்தான், வேறென்ன. ஐம்பத்தைந்து பாயிண்ட் காற்றும், மழை ஊறிய களிமண்ணும். ஒன்று, பேசாமல் அப்படியே இறங்கி, விழுந்து, புகார் அறைக்குப் போக வேண்டும். இல்லையென்றால் இவள் கண்முன்னாலேயே காற்றை இறக்க வேண்டும். லைன்காரிக்குப் பாதி நிமிஷம் ஆனது. பையிலிருந்து காற்று மீட்டரை எடுத்தாள். முட்டி போட்டாள். ஊசியை அழுத்தினாள்.

அந்தச் சத்தம் அந்த அமைதியில் எவ்வளவு பெரிதாகக் கேட்டது!

"என்ன மேடம் பண்றீங்க?" என்றார் இன்ஜினியர்.

"காத்து சரி பண்றேன் சார்."

நாத்தனாரின் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. ஆபீஸர் முன்னால் கத்த முடியாமல் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள்: "அண்ணி, இன்னைக்கு விழுந்தீங்கன்னா என்கிட்ட வராதீங்க."

"உங்கிட்டதான் வருவேன். வேற யாரு இருக்கா?" என்றாள் லைன்காரி.  மீட்டர் முள்ளிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

ஒன்று, இரண்டு, மூன்று மீட்டர். லைன்காரி முன்னால். இன்ஜினியர் கடகடவென்று குலுங்கிக்கொண்டு பின்னால். ஒவ்வொரு வேரிலும் "ஐயோ" என்ற சத்தம் கேட்டது. கடைசியில் நாத்தனார். நாலாம் மீட்டரில் ரீடிங் எழுதினாள். கீழே அந்தச் சரிவு, மழைத் தண்ணீர் இன்னும் வடிந்துகொண்டிருந்தது. திரும்பிப் பார்க்காமல் இறங்கினாள். பாதியில் ஒரு முறை பின்சக்கரம் லேசாக அசைந்து, தானே பிடித்துக்கொண்டது. அடிவாரத்தில் நின்றாள்.

இன்ஜினியர் மேலே நின்று பார்த்தார். தன் வயதையும் குடும்பத்தையும் நினைத்துக்கொண்டார் போலும். இறங்கித் தள்ளிக்கொண்டு வர ஆரம்பித்தார், அதிலேயே இரண்டு முறை சறுக்கினார். நாத்தனார் தள்ளுகிற ஜாதி இல்லை. சீட்டை விட்டு எழுந்து நின்று, தன் கல்லு டயரில், வீறாப்பாக இறங்கினாள். மூன்று சைக்கிள் நீளம் தாண்டுவதற்குள் பின்சக்கரம் பக்கவாட்டில் நழுவிப்போனது. சைக்கிள் ஒரு பக்கம், அவள் ஒரு பக்கம். உட்கார்ந்தபடியே பத்தடி சறுக்கி வந்து நின்றாள்.

"அடி பட்டுதா?" லைன்காரி சைக்கிளைப் போட்டுவிட்டு மேலே ஓடினாள்.

"இல்ல. இருங்க. மிதிக்காதீங்க!"

நாத்தனார் சேற்றில் உட்கார்ந்தபடி எதையோ உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள். களிமண்ணில் பக்கத்தில் பக்கத்தில் இரண்டு டயர்த் தடம். ஒன்று அண்ணியுடையது: அகலமாக, ஓரத்துப் பட்டன் வரைக்கும் ஒவ்வொன்றும் தனித்தனியாக, முத்திரை குத்தினாற்போல் பதிந்திருந்தது. இன்னொன்று அவளுடையது: நடுவில் இரண்டே வரிசை, அதுவும் இழுத்துத் தேய்த்த கோடு. ஓரத்துப் பட்டன் மண்ணைத் தொடவே இல்லை. இருபது வருஷமாக டயரோடு புழங்குகிறவளுக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. ஒரு விரலை எடுத்து அந்த அகலத் தடத்தில் பட்டன் பட்டனாக வைத்துப் பார்த்தாள்.

இன்ஜினியர் வந்து சேர்ந்தார். மூச்சு வாங்கியது. அவரும் இரண்டு தடத்தையும் பார்த்தார். காகிதத்தை நம்புகிறவர்தான், ஆனால் கண் இல்லாதவர் இல்லை.

"மேடம், காத்து எவ்வளவு வச்சிருக்கீங்க?"

"இருபத்தாறு சார்."

"நாங்க வந்த சைக்கிள்ல?"

 அவரே மீட்டரைக் கேட்டு வாங்கி வைத்துப் பார்த்தார். ஐம்பத்தைந்து.

"மூணு மாசம் முன்னாடி நீங்க விழுந்த அன்னைக்கு எவ்வளவு இருந்துச்சு?"

லைன்காரி குழாயைப் பார்த்தாள், மரத்தைப் பார்த்தாள். "ஞாபகம் இல்ல சார். அது என் கவனக்குறைவு. ரிப்போர்ட்லயே எழுதியிருக்கேனே."

"சார்." சேற்றிலிருந்து நாத்தனார் எழுந்தாள். துணியெல்லாம் களிமண். "அவங்களுக்கு ஞாபகம் இருக்கு. எனக்கும் இருக்கு. அன்னைக்கும் இப்படி கல்லுதான். நான்தான் அடிச்சேன். மழைன்னு சொல்லி இன்னும் நாலு அடி சேத்து அடிச்சேன். விழுந்தது அவங்க தப்பில்ல, என் தப்பு. ரிப்போர்ட்ட மாத்தி எழுதுங்க."

இவள் வாயிலிருந்து என் தப்பு என்ற சொல் வந்து யாரும் கேட்டதில்லை. அவளைப் பெற்றவர்களும் கேட்டிருக்க மாட்டார்கள்.

இன்ஜினியர் மீட்டரைத் துடைத்து லைன்காரியிடம் திருப்பிக் கொடுத்தார். "ஆபீஸ் சைக்கிள் ஏழும் இப்படித்தானா?"

"ஏழும் என் கைதான் சார். வேற மெக்கானிக்க வச்சுக்கறதுன்னா வச்சுக்குங்க."

"வேற யாரு வந்து என்கிட்ட இப்படிச் சொல்லப் போறாங்க?" என்றார் அவர். "திங்கக்கிழமை மீட்டரோட வந்து ஏழையும் சரி பண்ணுங்க. ரிப்போர்ட்ட நான் மாத்திடறேன். மேடம், லைன் உங்களோடது. இதுக்கு மேல டிரையல் எல்லாம் வேண்டாம்." சொல்லிவிட்டுத் தன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு முன்னால் நடந்தார். பெண்கள் இரண்டு பேரும் அழப்போகிறார்கள் என்று பயந்துவிட்டார் போலிருக்கிறது.

பயந்தது சரிதான். லைன்காரி குழாய்த் தூணில் சாய்ந்து உட்கார்ந்தாள். கண்ணீர் அதுபாட்டுக்கு வந்தது.

"மூணு மாசமா நான் கோழையாயிட்டேன்னு நெனச்சுட்டு இருந்தேன்டி. ராத்திரி படுத்தா அதே நெனப்பு. இனிமே நான் எதுக்கும் லாயக்கில்லன்னு..."

"நானும் அப்படித்தான் அண்ணி நெனச்சேன். வாய் விட்டு வேற சொன்னேன்." நாத்தனார் பக்கத்தில் உட்கார்ந்தாள். சேற்றுக் கையால் அண்ணியின் தோளைத் தொட்டாள். எலும்பு கூடிய இடத்தில், மெதுவாக. "இந்த எலும்ப உடைச்சவளே இதுக்கு வெந்நீர் ஒத்தடமும் குடுத்திருக்கேன் பாருங்க. ஏன் அண்ணி முன்னாடியே சொல்லல?"

"சொல்லியிருந்தா நம்பியிருப்பியா?"

நாத்தனார் யோசித்தாள். பொய் சொல்லிப் பழக்கமில்லை. "மாட்டேன்."

இரண்டு பேரும் ஒரே சமயத்தில் சிரித்துவிட்டார்கள். அப்புறம் நாத்தனார் எழுந்து போய்த் தன் சைக்கிளை நிமிர்த்தினாள். ஹேண்டிலை நேராக்கினாள். வால்வு மூடியைக் கழற்றினாள். ஊசி மேல் நகத்தை வைத்துவிட்டு, அப்படியே நின்றாள். இந்தக் கேள்வியை அவள் இதுவரை ஒருத்தரிடமும் கேட்டதில்லை.

"எனக்கு எவ்வளவு வைக்கணும் அண்ணி?"

"நீ என்னவிடக் கனம். இருபத்தெட்டு வை."

"வாய் ரொம்ப நீளுது உங்களுக்கு" என்றாள் நாத்தனார். காற்று சீறிக்கொண்டு வெளியே போனது. லைன்காரி மீட்டரை எடுத்துக்கொண்டு அவள் பக்கத்தில் முட்டி போட்டாள்.